காதில் விழாத வரை

தை 20, ஞாயிறு. கொட்டாம்பட்டி

குருசாமி எழுதச் சொல்லியிருக்கிறார், எழுதுகிறேன். எந்த ஊரில் எங்கே படுத்தோம், தண்ணீர் குடிக்கிற மாதிரி இருந்ததா, பொம்பளைகளுக்குக் கக்கூஸ் பக்கத்தில் உண்டா, விரட்டினார்களா, இதையெல்லாம் குறித்து வைத்தால் அடுத்த வருஷம் பழனிக்கு நடந்து வருகிறவர்களுக்கு உதவுமாம். "ஒனக்குத்தான் எழுத்து முத்து முத்தா இருக்கு சாமி" என்று நைசாக என் தலையில் கட்டிவிட்டார். மாலை போட்டவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் சாமி. ஊரில் 'ஏ வள்ளிக்கண்ணு, ஜாக்கெட் தச்சிட்டியா' என்று வாசலில் நின்று கத்துகிறவர்களுக்கெல்லாம் மலை இறங்கும் வரை நான் சாமி. அதற்காகவே நடக்கலாம்.

பொன்னமராவதியில் விடியுமுன் கிளம்பி, கொட்டாம்பட்டி வந்து சேர்வதற்குள் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. பூட்டிக் கிடக்கும் அரிசி ஆலையின் களத்தில் படுக்கை. சிமெண்டுத் தரை. குழாய் உண்டு, தண்ணீர் லேசாக உப்பு. கக்கூசுக்குப் பெட்ரோல் பங்க் வரை போக வேண்டும். வாட்ச்மேன் தங்கமான மனுஷன், விரட்டவில்லை.

விரிப்பதற்கு எல்லோரும் பழைய பிளெக்ஸ் கொண்டுவந்திருக்கிறோம். ஈரம் ஏறாது, மடித்தால் கட்டைப்பைக்குள் அடங்கும். எனக்கு வாய்த்தது ஒரு காதணி விழா. தாய்மாமன்கள் வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்டு முறைக்கிறார்கள், அவர்கள் முகத்தின் மேல்தான் பழனி வரை என் தூக்கம். டீக்கடை இந்திராணிக்குக் கிடைத்தது ஒரு கண்ணீர் அஞ்சலி. "செத்தவன் மேல படுத்து நான் எங்கிட்டுத் தூங்குறது?" என்று திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் படுத்தாள். படுத்த மறுநிமிஷம் குறட்டை.

போன்களை எல்லாம் குருசாமி வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். அவர் போன் மட்டும்தான் பேசும். இது எங்கள் கூட்டத்தின் கட்டுப்பாடு. போன வருஷம் நத்தம் தாண்டும்போது கூட வந்த ஒருவருக்குப் போன் வந்தது, பங்காளி வீட்டில் சாவு என்று. முகம்கூட ஞாபகமில்லாத ஏதோ பெரியப்பா. கேட்ட இடத்திலேயே மாலையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே பஸ் ஏறினார். சாவுச்சேதி காதில் விழுந்த நொடியே தீட்டு, தீட்டென்றால் மாலை இறங்க வேண்டும், மலை ஏறக் கூடாது. காதில் விழாத வரை ஒன்றும் இல்லை. அதனால்தான் காதுகளைக் குருசாமி வாங்கிப் பையில் வைத்துக்கொள்கிறார்.

என் கொழுந்தன் சோலைமலை இந்த வருஷம்தான் முதல் தடவையாக வந்திருக்கிறான். வீட்டுக்காரரின் ஒரே தம்பி. தூக்க முடியாத பையைத் தூக்கிக்கொண்டு "மதினி, இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்று நூறு தடவை கேட்டுவிட்டான்.

தை 21, திங்கள். சமுத்திராபட்டி

ஒரு தோட்டத்து மோட்டார் கொட்டகை ஓரம் படுக்கை. தண்ணீர் இனிப்பு. நாய் ஒன்று ராத்திரி முழுக்க இந்திராணியின் காலடியில் படுத்திருந்தது, காலையில் எழுந்து அவளைப் பார்த்துக் குரைக்கிறது. நன்றி கெட்டது.

நடக்கும்போது இந்திராணி கேட்டாள், "ஏழாவது வருசம் சாமி. முடியுது. என்ன கேக்கப் போற?"

எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. நேர்ந்துகொண்டது நானில்லை, என் மாமியார். வீட்டுக்காரர் திருப்பூருக்குத் தையல் வேலைக்குப் போனார், அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். 'மகன் திரும்பி வரணும், என் மருமக ஏழு வருசம் நடந்து வந்து உன் மலையேறுவா' என்று கிழவி வேண்டிக்கொண்டாள். வேண்டியது அவள், நடப்பது நான். மூன்றாவது வருஷம் அவள் போய்ச் சேர்ந்தாள். "ஆத்தாதான் இல்லையே, விட்டுரு மதினி" என்று சோலைமலைகூடச் சொன்னான். விடுவேனா? வருஷத்தில் இந்தப் பத்து நாள்தான் என் மெஷின் சத்தம் என் காதில் கேட்காது. யாருக்கும் சோறாக்க வேண்டாம். எங்கே போனாய் என்று கேட்க ஆளில்லை. இந்திராணியிடம் இதைச் சொல்லவில்லை. "வந்தா வரட்டும்னு கேப்பேன்" என்றேன்.

"வந்தா சோறு போடுவியா?"

"போடாம?"

தை 22, செவ்வாய். நத்தம்

பஸ் ஸ்டாண்டுக் கட்டணக் கழிப்பறையில் குளிக்கலாம், காலை ஏழுக்கு முன்னால் போனால் வரிசை இல்லை. பக்கெட்டில் ஓட்டை, கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு குளிக்க வேண்டும். மதியம் பூட்டியிருந்த கல்யாண மண்டபத்தின் போர்ட்டிகோவில் படுத்தோம். நல்ல நிழல். அடுத்த வருஷத்துக்கு உதவும்.

எல்லோரும் தூங்க, நான் துவைத்த சேலையை, சமையல் சாமான் ஏற்றிக் கூடவே வரும் டெம்போவின் கயிற்றில் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். குருசாமிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே ரோட்டுப் பக்கம் போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தவர் சோலைமலையை எழுப்பி டெம்போவுக்குப் பின்னால் கூட்டிப் போனார். சேலைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. குருசாமி தன் கையால் சோலைமலை கழுத்திலிருந்து மாலையை எடுத்தார். அவ்வளவுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் சோலைமலை பையோடு வந்து நின்றான். "மதினி, முட்டி புடிச்சுக்கிருச்சு. ஒரு எட்டு வைக்க முடியல. நான் ஊருக்குப் போறேன்."

"தைலம் தேச்சு விடுறேன், டெம்போல ஏறிக்க. மாலை போட்டுட்டுப் பாதியில திரும்பவா?"

"இல்ல மதினி." என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். சாமி என்று தொடுவது வழக்கம்தான். ஆனால் கையை எடுக்க மாட்டேன் என்கிறான்.

முட்டி பிடித்தவன் விறுவிறுவென்று நடந்து போனான். பொன்னமராவதி போகிறவன் எதற்குத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. வெயிலில் பஸ் தெரியாமல் ஏறியிருப்பான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அப்படித்தான்.

தை 23, புதன். கோபால்பட்டி

பள்ளிக்கூடக் காம்பவுண்டு ஓரம். மணல். எறும்பு. தண்ணீர் லாரிதான்.

நடக்கும்போது வேறு வேலை இல்லாததால் மனசு சும்மா கிடக்க மாட்டேன் என்கிறது. முட்டி வலிக்கு மாலையை ஏன் கழற்ற வேண்டும்? போன வருஷம் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டது, மாலையோடு டெம்போவில் உட்காரவைத்துப் பழனி வரை கொண்டுபோனோமே. மாலையைக் கழற்றுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்.

சோலைமலைக்கு ஒரு பங்காளி போய்விட்டால் எனக்கும்தான் தீட்டு. ஒரே வீடு, ஒரே வகையறா. அவன் மாலையை எடுத்தவர் என் மாலையையும் எடுத்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்றால், எனக்குச் சொல்ல வாய் வராத ஆள் யார்

கால் வலிக்கிறது. படுக்கப் போகிறேன்.

தை 24, வியாழன். திண்டுக்கல்

ஊருக்குள் வரும்போதே ஹாரன் சத்தம் மண்டையைப் பிளந்தது. வரிசையாக ஷட்டர் போட்ட கடைகளின் முன்னால் படுத்தோம். அடுத்த வருஷம் வருகிறவர்களுக்கு: மூன்றாவது கடைக்காரர் விடியற்காலையே வந்து படுத்திருப்பவர்கள் காலடியில் வாளித் தண்ணீரை ஊற்றித் தெளிப்பார். விரட்டுகிறாரா வாசல் தெளிக்கிறாரா என்று கேட்டால் இரண்டும்தான் என்பார். ஐந்தாவது கடை வாசலில் படுக்கவும்.

எல்லோருக்கும் திடீரென்று என் மேல் பாசம் பொத்துக்கொண்டு வருகிறது. சுவர் ஓரம், காற்றுப் படாத இடம், எனக்கு. இது எப்போதும் குருசாமியின் இடம். அவருடைய கம்பளியும் எனக்கு. வேண்டாம் என்றால் கோபம் வருகிறது. நான் பின்தங்கினால் "நடை நடை, இது என்ன மாமியா வீட்டு ஊர்வலமா" என்று வைகிற மனுஷன், இன்று நான் உட்கார்ந்த இடத்திலெல்லாம் தானும் நின்று வானத்தைப் பார்த்தார்.

இந்திராணி பூக்கடைக்குப் போய் ஒரு பந்து மல்லிகை வாங்கி வந்தாள். தையில் மல்லிகை விற்கிற விலைக்கு! அவள் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. முழுவதையும் என் தலையில் சரம் சரமாக வைத்துவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணாடி நான்? கழுத்து வலிக்குது, எடு."

"வச்சுக்க. பேசாம வச்சுக்க." பிறகு குங்குமச் சிமிழை எடுத்து நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு "கண்ணுல தூசி" என்று எழுந்து போய்விட்டாள்.

பூவுக்கு அழுகிற பொம்பளையை இன்றுதான் பார்க்கிறேன். எனக்குப் பூ பிடிக்கும். வீட்டுக்காரர் போன பிறகும் நான் பூ வைப்பதை நிறுத்தவில்லை. 'யாருக்குக் காட்ட?' என்று பங்காளிப் பொம்பளைகள் முகவாயைத் தோளில் இடிப்பார்கள். இருக்கிற மனுஷனுக்குப் பூ வைக்கலாம், எந்த ஊரில் எவளோடு இருந்தால் என்ன? அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்றும் வாசனையாக இருக்கிறது.

தை 25, வெள்ளி. ரெட்டியார்சத்திரம்

நடந்தேன். தின்றேன். படுத்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

தை 26, சனி. ஒட்டன்சத்திரம்

காய்கறி மார்க்கெட்டின் கொட்டகையில் இடம் கொடுத்தார்கள். மேலே கூரை, மூன்று பக்கம் திறப்பு. வெங்காய மூட்டை, முருங்கைக்காய்க் கட்டு, லாரிப் புகை. லோடுமேன்கள் "சாமி, கொஞ்சம் காலை மடக்குங்க" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே தலைக்கு மேலே மூட்டையைக் கொண்டுபோகிறார்கள். விழுந்தால் நேரே முருகனடிதான். கக்கூஸ் உண்டு, கதவு இல்லை, ஒருத்தி முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்க வேண்டும்.

மதியம் அன்னதானப் பந்தலுக்குப் போனோம். பெரிய வரிசை. சாம்பார் ஊற்றுகிற இடத்தில் யார் நிற்பதென்றால் எங்கள் ஊர் ஜவுளிக்கடை நாச்சியப்பன். வருஷா வருஷம் இங்கே வந்து அன்னதானம் செய்கிறாராம், எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. என் தலையில் இருந்த பூவைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார்.

"ஏ ஆத்தா வள்ளிக்கண்ணு! நீ இங்கயா இருக்க? ஒனக்கு யாருமே சொல்லலையா? ஒன் வீட்டுக்கார..."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை. "வெற்றிவேல் முருகனுக்கு!" என்று கத்தினேன்.

வரிசை முழுக்க "அரோகரா!" என்றது.

"இல்லத்தா, நான் என்ன சொல்ல வாறேன்னா, திருப்பூர்ல..."

"வெற்றிவேல் முருகனுக்கு!"

"அரோகரா!"

பந்தலுக்கு வெளியே நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எவனோ உறுமியைத் தட்டினான். நாச்சியப்பன் வாய் அசைகிறது, நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். அவர் கரண்டியிலிருந்து சாம்பார் மேசையில் ஒழுகுகிறது. இரண்டு கையும் தட்டோடு இருந்ததால் காதைப் பொத்த முடியவில்லை, அதனால் வாயைத் திறந்தேன், வேறு வழி தெரியவில்லை. குருசாமி ஓடி வந்து நாச்சியப்பனைத் தோளோடு அணைத்துப் பந்தலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார். நாச்சியப்பன் பாவம், நல்ல மனுஷன். துக்கம் கேட்க வந்தவரை அரோகரா போட்டு விரட்டியிருக்கிறேன்.

சாம்பார் இல்லாத வெறும் சோற்றோடு கொட்டகைக்கு வந்து உட்கார்ந்தேன். தொண்டை கட்டிவிட்டது. இந்திராணி எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அவள் முகத்தில் ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டு வருவது தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

"என்னடி பாக்குற? சோறு ஆறுது, தின்னு" என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தாள். இரண்டு பேரும் தின்றோம். ஆக, எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் என் காதில் ஒன்றும் விழவில்லை. ஒருத்தர்கூட என்னிடம் ஒரு வார்த்தை முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

தை 27, ஞாயிறு. சத்திரப்பட்டி

இடது காலில் கொப்புளம், நெல்லிக்காய் அளவு. குருசாமி ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்துக்குள் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டுவிட்டார். நீர் நூல் வழியாகத் தானே வடிந்துவிடும். வலி பெரிதாக ஒன்றும் இல்லை. ஏழு வருஷமாகப் பார்க்கிற கொப்புளம்தான்.

ஆனால் ஊசி பட்டதும் அழுகை வந்துவிட்டது. வந்தது வந்ததுதான், நிற்கவில்லை. ரோட்டோரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து ஊரே பார்க்க அழுதேன். "ஐயோ வலிக்குதே, ஐயோ வலிக்குதே" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். போகிற சாமிகளெல்லாம் நின்று, "இன்னும் கொஞ்ச தூரம்தான் சாமி, மலை தெரியுது பாருங்க" என்று தைரியம் சொன்னார்கள். குருசாமி என் காலைப் பிடித்தபடியே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அழுதுரு சாமி. வலிச்சா அழுதுதானே ஆகணும்" என்றார்.

இதை எழுதக் கூடாதென்றுதான் இருந்தேன். ஒரு தடவை வீட்டுக்காரர் வந்தார், வாக்காளர் அட்டையை எடுத்துப் போக. மாமியார் செத்து இரண்டு மாதம் இருக்கும். வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க" என்றேன், பழக்க தோஷம். புளிக்குழம்பும் அவரைக்காயும் இருந்தது. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "இன்னும் நடக்குறியாமே பழனிக்கு?" என்று கேட்டார்.

"ஆமா. உங்களத் திருப்பிக் கொண்டாரத்தான் நடக்குறேன்."

சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக அவரை எத்தனை நாள் திட்டியிருக்கிறேன்! மண்ணாய்ப் போக என்றுகூட ஒரு தடவை மெஷினை மிதித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், அந்தக் கோபம் நியாயமான கோபம்தான், இப்போதும் சொல்லுவேன். ஆனாலும் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எங்காவது இருக்கட்டும்.

தண்ணீர் நன்று. கோயில் மண்டபத்தில் படுக்கலாம், இடம் முன்கூட்டிப் பிடிக்க வேண்டும்.

தை 28, திங்கள். பழனி

சண்முக நதியில் குளியல். தண்ணீரை விடத் தலைகள் அதிகம். அடிவாரத்தில் கால் வைக்க இடமில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாட்ஜின் வண்டி நிறுத்துமிடத்தில் படுக்கை. செருப்புகளைத் தலைக்கடியில் வைத்துக்கொள்ளவும், கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போகும்.

சாயங்காலம் குருசாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒருத்தருக்கு ஒரு விசயத்தைச் சொல்லாம வச்சா, அந்தப் பாவம் வச்சவனுக்கா, தெரியாம மலையேறுனவுகளுக்கா?"

"வச்சவருக்குத்தான்" என்றேன்.

"அதத்தான் நானும் நெனச்சேன்." பெருமூச்சு விட்டார். "என் தலையோட போகட்டும்."

எனக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. நடந்து நடந்து மனுஷன் பாதியாகிவிட்டார். "போய்ப் படுங்க சாமி. முருகனுக்குத் தெரியும், யார் காதுல என்ன விழுந்துச்சுன்னு" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எழுந்து போனார். அவர் தூங்கியிருக்க மாட்டார். நானும் தூங்கவில்லை.

தை 29, செவ்வாய். பழனி, பூசம்

விடியுமுன் ஏற ஆரம்பித்து மதியம்தான் சந்நிதி. முண்டி நசுங்கி ஒரு நொடி பார்த்தேன். என்ன அலங்காரம் என்றுகூடக் கவனிக்கவில்லை. கேட்கவேண்டும் என்று ஒன்றும் தோன்றவில்லை. மாமியாரின் கணக்கு முடிந்தது என்று மட்டும் சொன்னேன். பிறகு கூட்டம் தள்ளிய பக்கம் நகர்ந்தேன். கொஞ்ச நேரம் தனியாக நின்றேன். இந்திராணி தேடிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். மேலே காற்று அதிகம், முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டேன்.

கீழே வந்ததும் குருசாமி ஒவ்வொருவராக மாலையை இறக்கினார். என் முறை வந்தபோது மாலை கொண்டையில் மாட்டிக்கொண்டது. நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். எங்கு பார்த்தாலும் மொட்டை. பொடிசு, பெரிசு, ஆண், பெண், எல்லா மொட்டையிலும் மஞ்சளாகச் சந்தனம். அந்த மஞ்சளுக்கு நடுவில் ஒரே ஒரு தலை மட்டும் சந்தனம் இல்லாமல் வெறுமையாக, டீக்கடைத் தூணில் சாய்ந்து நின்றது. மீசையும் இல்லை. யாரோ என்று தாண்டிப் போகத்தான் இருந்தேன். அது சோலைமலை.

என்னைப் பார்த்ததும் அவன் உதடு கோணியது. மற்றவர்களெல்லாம் தள்ளி நின்றுகொண்டார்கள்.

"மதினி..."

"மொதல்ல ஒக்காரு. சாப்பிட்டியா?"

"மதினி, அண்ணன்..." நிறுத்திக் குருசாமியைப் பார்த்தான்.

"சொல்லுடா. மாலை இறங்கிருச்சு. இப்பக் கேக்குறேன்."

"அண்ணன் போயிட்டாரு மதினி."

தெரிந்ததுதானே? நத்தத்திலிருந்தே தெரிந்ததுதானே? ஆனாலும் காதில் விழுவது வேறாகத்தான் இருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முந்தானை நுனியை வாயில் திணித்துக்கொண்டும் சத்தம் அடங்கவில்லை. பக்கத்தில் ஒரு காவடிக்கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டே போனது. இந்திராணி என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அழுது முடித்த பிறகு சோலைமலை சொன்னான். கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்துவிட்டாராம். அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு பெண்குழந்தை. அதனால் இவன்தான் கொள்ளி வைத்திருக்கிறான். அங்கேயே எரித்துவிட்டார்கள். "ஒங்களக் கூட்டியாறேன்னுதான் நின்னேன் மதினி. குருசாமிதான் வேணாம்னுட்டாரு. ஏழாவது வருசம், அவ முடிக்கட்டும், இத்தன வருசம் எட்டிப் பாக்காத மனுசன் இன்னைக்கும் அவ நடையை நிறுத்தணுமான்னு கேட்டாரு. நான் மட்டும் பஸ் ஏறிட்டேன்."

"அந்தப் பிள்ள எப்படி இருக்கா?"

"யாரு?"

"அவருகூட இருந்தவ."

அவன் தயங்கினான். "அவுக ஆளுக அன்னைக்கே பூ, பொட்டு, வளையல் எல்லாத்தையும்... கதறுச்சு மதினி. நாலு பேரு புடிச்சுக்கிட்டாங்க."

"சின்ன வயசுடா" என்றேன். அவளை நான் பார்த்ததே இல்லை. பார்த்தால் முடியைப் பிடித்து இழுப்பேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான்.

டீ வாங்கி வந்தான். குடிக்காமல் வைத்துக்கொண்டே, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஆரம்பித்தான்.

"ஊர்ல பெரியாத்தா, அத்தைமாரு, எல்லாரும் வந்துட்டாங்க மதினி. நம்மளுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. காரியத்தன்னைக்கு... கோடிச் சேலையெல்லாம் எடுத்தாச்சு. பெரியாத்தாதான் முன்ன நின்னு..." மேலே சொல்லாமல் என் கழுத்துப் பக்கம் பார்த்து, உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

எனக்கு அது எப்படி நடக்கும் என்று தெரியும். மாமனார் செத்து மாமியாருக்கு நடந்தபோது நான்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். நடுவீட்டில் உட்கார வைத்துச் சுற்றி நின்று, ஒருத்தி பிடிக்க ஒருத்தி அறுக்க, கிழவி எலும்புக்கூடு மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

முந்தானையைக் கழுத்திலிருந்து எடுத்தேன்.

சோலைமலை பார்த்தான். குருசாமியும் பார்த்தார். இந்திராணி "ஐயோ, தாலி எங்கடி?" என்று என் சேலை மடிப்பிலெல்லாம் தேட ஆரம்பித்தாள். கூட்டத்தில் எவனோ அறுத்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள்.

"தேடாதடி. உண்டியல்ல போட்டுட்டேன்."

"என்னாது?"

"காலையில, மேல. நானே கழட்டுனேன், நானே போட்டேன். ஒருத்தி கையும் என் மேல படல."

திண்டுக்கல் பஸ் ஒன்று வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. சோலைமலை மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தான். கடைசியில், அவனுக்கே உரிய அந்தப் பயந்த குரலில் கேட்டான்.

"பெரியாத்தா கேட்டா நான் என்ன மதினி சொல்லட்டும்?"

"வாங்கி வச்சிருக்கவன் மேலதான் நிக்கிறான். நடந்து வந்து, படியேறிக் கேட்டுக்கச் சொல்லு."